ராணுவ லாரியை ஏலம் எடுக்கும் முன்

ஓட்டப்பிடாரம் வட்டத்தில் வேப்பலோடை, தருவைகுளம் பக்கத்து உப்பள மண்பாதைக்கு நாலு சக்கர இழுவையுள்ள ராணுவ லாரி அருமையான வண்டி. சக்திமான், ஸ்டாலியன் போன்ற ராணுவம் கழித்த வண்டிகள் அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் மின் ஏலத்தில் வரும். உடைப்புக்கு மட்டுமா, மறுபதிவுக்குத் தாள்கள் தருவார்களா என்று முதலிலேயே பாருங்கள். ராணுவப் பதிவு நமக்குச் செல்லாது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதிதாகப் பதிய வேண்டும். பாடியை மாற்ற முன் அனுமதி அவசியம். ஆலிவ் பச்சை நிறம் ராணுவத்துக்கே உரியது. வேறு நிறம் அடித்துவிடுங்கள்.

இந்தக் கடற்கரையில் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போட விடாதீர்கள். துளையில்தான் விரிசல் தொடங்கும், துருவும் அங்கேதான் புகும். யூ போல்ட் போட்டுப் பாடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். உப்பு இறக்கிய அன்றே அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.