தொலைந்த பொன்னைத் தேட ஒரு ஷவல்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கம்மாபுரம் பக்கத்தில் நடவுக்கும் களைக்கும் இறங்கும் பெண்களின் கழுத்துப் பொன் சேற்றில் விழுவது புதிதல்ல. என் அக்காவின் தாலிக்குண்டு ஒன்று அப்படித்தான் நடவின்போது விழுந்தது. அறுப்பு முடிந்து நிலம் காய்ந்ததும், இரவல் வாங்கிய மெட்டல் டிடெக்டரோடு வயலில் இறங்கினேன். கருவி சரியான இடத்தில்தான் ஒலித்தது. நான் மண்வெட்டியை ஓங்கிப் போட்டேன். குண்டு கிடைத்தது, ஆனால் நசுங்கிக் கிடைத்தது. உள்ளே அரக்கு வைத்த மெல்லிய தகடு அது, ஒரு வெட்டைத் தாங்குமா? அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மண்வெட்டி ஓங்கிப் போடும் கருவி. மேலே எங்கே விழும் என்பது நம் கையில் இருக்கிறது; அடியில் எதைத் தொடும் என்பது இல்லை. தேடும் வேலைக்குக் காலால் மிதித்து நேராக இறக்கி, மண்ணைக் கட்டியாகத் தூக்கி, திரும்ப அதே இடத்தில் வைத்து மூடுகிற ஷவல் வேண்டும். அதற்கென்றே செய்த வெளிநாட்டு ஷவல்களின் விலை அதிகம். விருத்தாசலம் இரும்புக் கடையில் வாங்கும் சாதாரண ஷவலை ஒரு பகல் வேலையில் அப்படி மாற்றிக்கொள்ளலாம். நான் செய்து பார்த்தவற்றை வரிசையாகத் தருகிறேன்.

கடையில் வாங்கும்போது

செய்ய வேண்டியவை:

• கூர்முனை ஷவலாகப் பார்த்து வாங்குங்கள். சதுர முனை ஷவல் ஜல்லியும் கலவையும் அள்ளத்தான் உதவும்.

• தகடும் காம்பு செருகும் குழாயும் ஒரே இரும்பில் அடித்ததா என்று பாருங்கள். தனியாக ஒட்டவைத்த குழாய் முதல் வேரிலேயே பிளந்துவிடும்.

• முனையைத் தரையில் ஊன்றி, காம்பை மெல்ல அழுத்திவிட்டு எடுங்கள். தகடு பழைய நிலைக்கு வந்தால் வாங்கலாம். வளைந்தது வளைந்தபடியே நின்றால் கடையிலேயே வைத்துவிடுங்கள்.

செய்யக்கூடாதவை:

• வீட்டில் கிடக்கும் மண்வெட்டியையே வெட்டித் திருத்தப் பார்க்காதீர்கள். அதன் தகடு காம்போடு மடங்கி நிற்பதால் காலால் மிதிக்க வழியில்லை.

• பச்சைக் கொம்பைக் காம்பாகப் போடாதீர்கள். காய்ந்ததும் சுருங்கிக் குழாய்க்குள் ஆடும். நன்றாகக் காய்ந்த கருவேலங்காம்பே நல்லது.

வெட்டி, தீட்டி, பற்றவைக்கும்போது

செய்ய வேண்டியவை:

• தகட்டின் அகலத்தைக் குறையுங்கள். கடை ஷவல் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் மேலே அகலமாக இருக்கும். அட்டையில் வடிவம் வெட்டி, நடுக்கோட்டை ஒட்டி வைத்து, 14 செ.மீ. அகலத்துக்குச் சாக்பீஸால் கோடு போடுங்கள். அகலம் குறைந்தால் குழி சிறிதாகும், களிமண்ணும் குறைவாக ஒட்டும்.

• மொத்த நீளம் 75 முதல் 80 செ.மீ. இருக்கும்படி காம்பை அறுத்து, மேலே குறுக்குப் பிடி வையுங்கள். இரண்டு கையாலும் நேராக அழுத்த வாகாக இருக்கும்.

• தகட்டின் தோளில் இரண்டு பக்கமும் ஓர் அங்குல ஆங்கிள் துண்டைப் பற்றவைத்துக் கால்மிதி செய்யுங்கள். மெல்லிய தகட்டு விளிம்பில் நாள் முழுக்க மிதித்தால் செருப்பு கிழியும், உள்ளங்காலும் வலிக்கும்.

• ஒரு பக்க விளிம்பில் மட்டும் முக்கோண அரத்தால் அரை செ.மீ. ஆழத்துக்குப் பற்கள் வெட்டுங்கள். அருகம்புல் கட்டையையும் கோரைக் கிழங்கையும் சீமைக்கருவேல வேரையும் அறுக்க அந்தப் பற்கள் போதும்.

• காம்பைப் பிடித்திருக்கும் ரிவெட்டை எடுத்துவிட்டு, போல்ட்டும் லாக் நட்டும் போடுங்கள். மலிவான ஷவல் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த இடத்தில்தான்.

• முனையிலிருந்து 10, 15, 20 செ.மீ. தூரத்தில் உளியால் கோடு கீறுங்கள். மோதிரம் அளவுள்ள பொருளைச் சாதாரண டிடெக்டர் 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்குள்தான் உணரும். வெறும் பெயின்ட் கோடு இரண்டே நாளில் மண்ணில் தேய்ந்துவிடும், உளிக் கோடு நிற்கும்.

• கிரைண்டரில் தீட்டும்போது பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, சில நொடிக்கு ஒருமுறை விளிம்பைத் தோய்த்தெடுங்கள்.

• காம்புக்கு மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். தாள் கிடக்கும் வயலில் கீழே வைத்த ஷவலைத் தேடி அலைய வேண்டியிருக்காது.

செய்யக்கூடாதவை:

• விளிம்பு நீலம் பூக்கும்வரை தீட்டாதீர்கள். சூடேறும் எஃகு முதலில் வைக்கோல் நிறம் காட்டும், பிறகு நீலமாகும். நீலம் வந்தால் தோய்ச்சல் போயிற்று என்று கொல்லர்கள் சொல்வார்கள். அந்த விளிம்பு கல்லில் பட்டதும் மடங்கிவிடும்.

• கத்தியைப் போல் தீட்டாதீர்கள். ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பில் பாதி கனம் இருக்கட்டும். அதற்கு மேல் கூர்மையானால் ஓட்டுச்சில்லில் பட்டு உடையும், பொன்னில் பட்டால் வெட்டும்.

• இரண்டு பக்கமும் பல் வெட்டாதீர்கள். மிதிக்கும் கால் நழுவினால் கெண்டைக்கால் கிழிந்துவிடும்.

• பிடிக்கு ஜி.ஐ. பைப் போட்டால், பற்றவைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைச் சுரண்டாமல் வெல்டிங் வைக்காதீர்கள். அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவில் குளிரும் காய்ச்சலும் வரும்.

• கிரைண்டரின் காப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள். கண்ணாடி போடாமலும், கழுத்தில் துண்டு தொங்கவிட்டபடியும் அதன் பக்கம் போகவே கூடாது.

நிலத்தில் இறங்கும்போது

செய்ய வேண்டியவை:

• சொந்த நிலமாக இல்லாவிட்டால் நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள். குத்தகை நிலம் என்றால் உழுகிறவரிடமும் கேட்க வேண்டும்.

• முதலில் கொல்லையில் உங்கள் மோதிரத்தை நூலில் கட்டி 15 செ.மீ. ஆழத்தில் புதைத்து, டிடெக்டர் எப்படி ஒலிக்கிறது என்று காதைப் பழக்குங்கள்.

• தேடும்போது ஷவலை இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அதன் இரும்பையே டிடெக்டர் பிடித்துக்கொள்ளும்.

• ஒலி வந்த புள்ளியிலிருந்து 10 செ.மீ. தள்ளி மூன்று பக்கம் மட்டும் இறக்கி, நான்காம் பக்கத்தைக் கதவுக் கீல் போல் விட்டு மண்ணைப் புரட்டுங்கள். உதிரி மண்ணை உரச்சாக்கில் கொட்டுங்கள். பிறகு குழியையும் சாக்கையும் தனித்தனியாக டிடெக்டரால் பாருங்கள். பொருள் எதில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

• செங்கல் சூளை போட்ட இடங்களில் பொறுமை வேண்டும். மண்ணிலுள்ள இரும்புச் சத்து சூட்டில் காந்தத்தன்மை பெறும், சுட்ட ஓட்டுச்சில்லே சில நேரம் டிடெக்டரை ஒலிக்கவைக்கும். விருத்தாசலத்தைச் சுற்றிப் பீங்கான் கழிவு கொட்டிய இடங்களில் கையுறை கட்டாயம். மெருகு பூசிய உடைசல் கண்ணாடியைப் போல் அறுக்கும்.

• துருப்பிடித்த ஆணி, கம்பி, பழைய கொழு எது வந்தாலும் எடுத்துச் சாக்கில் போடுங்கள். அடுத்த உழவில் ரோட்டவேட்டர் பல்லும், அடுத்த நடவில் ஒரு பெண்ணின் பாதமும் தப்பும்.

செய்யக்கூடாதவை:

• வரப்பில் தோண்டாதீர்கள். எத்தனை மிதித்து மூடினாலும் தண்ணீர் கட்டியதும் அந்த இடத்தில்தான் கசிவெடுக்கும்.

• மோட்டார் கொட்டகைக்கும் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் இடையில் கேபிள் போகும் தடம் தெரியாமல் ஷவலை இறக்காதீர்கள்.

• வெறுங்காலோடும், இருட்டிலும் தேடாதீர்கள். பழைய இரும்பு கிழித்தால் அன்றே டி.டி. ஊசி போடுங்கள்.

• கோயில் நிலம், சுடுகாடு, ஏரிக்கரை, பானை ஓடுகள் அடர்ந்து கிடக்கும் மேடு ஆகிய இடங்களில் டிடெக்டரை எடுக்கவே எடுக்காதீர்கள். தொல்லியல் அகழாய்வுக்கு அரசின் அனுமதி வேண்டும். நம் கடலூர் மாவட்டத்து மருங்கூரில் 2024இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. அப்படியொரு மேட்டில் நாம் போடும் ஒரு குழி, அடுக்கடுக்காகப் படிந்த காலத்தைக் கலைத்துவிடும்.

பழைய பொருள் தட்டுப்பட்டால்

தொலைத்த மூக்குத்தியைத் தேடும்போது நம் முப்பாட்டன் காலத்துக்கும் முந்தியது வெளிவரலாம். 2023 ஏப்ரலில் சீர்காழி சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் எடுத்தபோது ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தன. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் ஒரு பாத்திரத்தில் 505 பொற்காசுகள் கிடைத்தன. இரண்டு இடத்திலும் தகவல் உடனே அதிகாரிகளுக்குப் போனதால்தான் அவை ஊரறிந்த செல்வமாயின.

செய்ய வேண்டியவை:

• அந்த நொடியே ஷவலை வெளியே வையுங்கள். பொருள் கிடந்தபடியே படம் எடுத்து, ஆழத்தை உளிக்கோட்டால் அளந்து, தேதியோடு எழுதிவையுங்கள்.

• கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் சொல்லி, மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் அது என்ன, எவ்வளவு, எங்கே, என்றைக்குக் கிடைத்தது என்று ஆட்சியருக்குத் தெரிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை.

• சட்டம் தரும் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். உரியவர் இல்லாத புதையல் என்று முடிவாகி, நிலத்துக்காரர் பங்கு கோரினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொண்டால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும்.

செய்யக்கூடாதவை:

• புளி, எலுமிச்சை, கம்பி நார் போட்டுத் தேய்க்காதீர்கள். செம்பின் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

• உருக்கவோ, விற்கவோ, மறைக்கவோ கூடாது. தெரிவிக்காமல் விட்டால் பங்கு பறிபோவதோடு ஓராண்டு வரை சிறையும் உண்டு. 100 ஆண்டு கடந்த காசும் சிலையும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு அனுமதியே கிடையாது.

வேலை முடிந்ததும்

• மண் கட்டியை எடுத்தபடியே வைத்து, உதிரியைச் சாக்கோடு சரித்து, குதிகாலால் மிதித்து மூடுங்கள். ஷவலைக் கழுவித் துடைத்து, தகட்டில் ஒரு கை எண்ணெய் தடவி மாட்டுங்கள்.

• கிளம்புவதற்கு முன் பத்தடி நடந்து திரும்பிப் பாருங்கள். தோண்டிய இடம் சட்டென்று கண்ணில் பட்டால், திரும்பிப் போய் இன்னொரு முறை சரியாக மூடுங்கள். அந்த இடத்திலும் அடுத்த போகத்துக்கு நாற்று நிற்க வேண்டும்.