பழைய கைப்பட்டையின் சார்ஜ் எங்கே போகிறது?

வாங்கிய புதிதில் இரண்டு வாரம் தாங்கிய ஃபிட்னஸ் பட்டை, நாலு வருஷம் கழித்து மூன்று நாளுக்கு ஒரு தடவை சார்ஜரைக் கேட்கிறது. “பேட்டரி போச்சு, தூக்கிப் போடு” என்று வீட்டில் யாராவது உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தத் தீர்ப்பு அம்மாவின் பட்டைக்கு வந்தது. தம்பி கட்டிச் சலித்ததை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அம்மா. அது கையில் இல்லாமல் காலை நடைக்குப் படியிறங்க மாட்டார். எடுத்துப் பார்த்தால், தம்பி காலத்து செட்டிங்ஸ் அத்தனையும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தேடிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவை இவை.

1. முதலில் ஒரு கணக்கு. லித்தியம் பேட்டரிகள் பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை போன பிறகுதான் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். 15 நாளுக்கு ஒரு தடவை சார்ஜ் போட்ட பட்டை நாலு வருஷத்தில் 100 தடவைகூடத் தாண்டியிருக்காது. சும்மா இருந்தாலும் வயதாகும், வெயிலில் கிடந்தால் இன்னும் சீக்கிரம் வயதாகும் என்பது உண்மைதான். ஆனாலும் 15 நாள் 3 நாளாகச் சுருங்கியதற்கு வயது மட்டும் காரணமாக இருக்காது.

2. ஒரு ராத்திரி சோதனை. பட்டையை முழுக்க சார்ஜ் செய்து, நாடித்துடிப்பு, ஆக்சிஜன், நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்து, போன் பக்கத்திலேயே இரவு 10 மணிக்குக் கழற்றி வையுங்கள். காலை 6 மணிக்குப் பாருங்கள். இரண்டு மூன்று சதவீதம் இறங்கியிருந்தால் பேட்டரி நல்ல நிலையில்தான் இருக்கிறது, செலவாளி வேறு யாரோ. 15, 20 இறங்கியிருந்தால் நேரே 11-ஆம் குறிப்புக்குப் போய்விடலாம். அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் திருடன் யாரென்று கடைசிவரை தெரியாது.

3. நாடித்துடிப்பு. பட்டையின் அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் பெரிய செலவு. தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்துக்கேற்ப திரும்பி வரும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. நிமிடத்துக்கு ஒரு தடவை என்று இருந்தால், 10 அல்லது 30 நிமிடத்துக்கு ஒரு தடவை என்று மாற்றுங்கள். நடைக்கு, உடற்பயிற்சிக்கு என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அந்த நேரத்துக்கு மட்டும் தொடர்ந்து அளக்கும். இதய மருத்துவர் கவனிக்கச் சொல்லியிருந்தால் இதில் கை வைக்க வேண்டாம். மற்ற செலவுகளில் சிக்கனம் பிடியுங்கள்.
பட்டை தொளதொளவென்று இருந்தாலும் வீண் செலவு. சரியான அளவு கிடைக்காமல் விளக்கு மறுபடி மறுபடி முயலும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நழுவாமல், அழுத்தாமல் கட்டுங்கள். கழற்றி வைக்கும்போது விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். மடித்த துணிக்கும் ‘துடிப்பு’ கண்டுபிடிக்கிற அப்பாவி சென்சார் அது!

4. இரவு முழுக்க ஆக்சிஜன் அளவு, மன அழுத்த அளவு, ஆழ்ந்த தூக்க ஆய்வு. பெயரைக் கேட்டால் ஆசையாக இருக்கும். ஆக்சிஜனுக்குச் சிவப்பு, அகச்சிவப்பு விளக்குகள் தனியாக எரிய வேண்டும். அம்மாவுக்கு ராத்திரி எத்தனை தடவை புரண்டார் என்பது தெரிந்தே இருக்கிறது. அணைத்துவிட்டோம்.

5. கையைத் தூக்கினால் திரை எரிவது. தோசை வார்க்கும்போது, காய் நறுக்கும்போது, ஸ்கூட்டர் ஓட்டும்போது, தூக்கத்தில் புரளும்போது எல்லாம் பட்டைக்கு “மணி பார்க்கிறார்” என்றே தோன்றும். இரவு 9 முதல் காலை 6 வரை இது வேலை செய்யாதபடி பல பட்டைகளில் நேரம் குறிக்கலாம். திரை எரியும் நேரத்தை 5 விநாடியாக்குங்கள். அமோலெட் திரையில் கறுப்பான இடத்துக்கு மின்சாரம் செலவாவதில்லை. ஆகவே பூவும் மலையும் வேண்டாம், கறுப்புப் பின்னணியில் எண்கள் போதும்.

6. வாட்ஸ்அப் குடும்பக் குழு. ஒரு நாளைக்கு 100 செய்தி வந்தால் 100 அதிர்வு, திரை 500 விநாடி, அதாவது எட்டு நிமிடத்துக்கு மேல் எரிகிறது. இதில் முக்கால்வாசி ‘இனிய காலை வணக்கம்’ பூங்கொத்து. போன் அழைப்பும் வங்கிச் செய்தியும் வந்தால் போதும் என்று ஆப்பில் தேர்ந்தெடுங்கள்.
இதையெல்லாம் போன் தாங்குகிறதே என்று கேட்கலாம். போன் பேட்டரி 5000 எம்ஏஎச். 2014-இல் வந்த முதல் மி பேண்டில் இருந்தது 41. 2019-இல் வந்த நான்காவதில்கூட 135தான். அண்டாவில் தளும்பினால் தெரியாது, டம்ளரில் தளும்பினால் தெரியும்.

7. போனோடு உறவு. இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. போன் தன் சார்ஜை மிச்சம் பிடிக்க பட்டையின் ஆப்பைப் பின்னணியில் அடிக்கடி நிறுத்திவிடும். பட்டை இணைப்பு விட்டு விட்டுத் திரும்பத் திரும்பத் தேடும். போனின் பேட்டரி செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். போன் மாற்றியிருந்தால், பழைய போனின் ஆப்பிலிருந்தும் புளூடூத் பட்டியலிலிருந்தும் பட்டையை நீக்கிவிட்டுப் புதிதில் சேருங்கள். அம்மா பட்டையின் பாதி நோய் இங்கேதான் இருந்தது. தம்பியின் பழைய போன் அலமாரிக்குள், உயிரோடு!

8. அப்டேட் ஆன மறுநாள் சார்ஜ் வேகமாக இறங்கினால் பட்டையை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து இரண்டு நாள் பொறுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், நடைக் கணக்கை ஆப்பில் ஏற்றிவிட்டு ஃபேக்டரி ரீசெட்.

9. சில சமயம் சார்ஜ் இறங்குவதில்லை, ஏறுவதே இல்லை. அடியில் உள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு, சோப்பு, எண்ணெய் எல்லாம் படலமாகப் படிந்திருக்கும். சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். ஊசி, பிளேடு, உப்புத்தாள் கூடாது. மேல்பூச்சு போனால் துரு ஏறும். சார்ஜரின் முனையையும் துடையுங்கள்.
இன்னொன்று: பவர் பேங்க். பட்டை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் “எதுவும் செருகவில்லை” என்று நினைத்துப் பாதியில் அணைந்துவிடும். பழைய போனோடு வந்த 5 வோல்ட், 1 ஆம்பியர் சார்ஜரே இதற்குப் பொருத்தம்.

10. பூஜ்யம் ஆன பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். லித்தியத்துக்கு 20-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பதே சுகம். குளிக்கப் போகும் நேரத்தில் கொஞ்சம் போட்டால் போதும். கார் டேஷ்போர்டு, வெயில் விழும் ஜன்னல் திட்டு, செட்டாப் பாக்ஸின் தலை, மூன்றும் வைக்கத் தகாத இடங்கள்.

11. பேட்டரி நிஜமாகவே களைத்ததற்கு ஓர் அடையாளம்: 30 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, அலாரம் அதிரும்போது பொட்டென்று அணைந்துவிடும். அதிர்வு மோட்டாருக்கு ஒரே வீச்சில் தேவைப்படும் மின்சாரத்தைக் கிழட்டு பேட்டரியால் தர முடிவதில்லை. இதற்கு செட்டிங்ஸில் மருந்து கிடையாது. கடையில் மாற்றலாம்தான். ஆனால் பசை போட்டு ஒட்டிய திரையைப் பிரித்தால் தண்ணீர் புகாத தன்மை பெரும்பாலும் போய்விடும், கூலியும் புதுப் பட்டை விலையை நெருங்கும். வேலை முடிந்த பட்டையைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

12. திரை ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா, பின்பக்கம் உப்பியிருக்கிறதா, கை சுடுகிறதா? கழற்றுங்கள், இனி சார்ஜ் போடாதீர்கள், அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பேட்டரி சூடேறித் தீக்காயம் ஏற்பட்டதால் 2022-இல் ஃபிட்பிட் அயானிக் கடிகாரங்கள், அமெரிக்காவில் மட்டும் சுமார் 10 லட்சம், திரும்பப் பெறப்பட்டன.

13. உப்பல் இல்லை, ஒன்றரை நாள்தான் தாங்குகிறது என்றால் நடைக்கு மட்டும் கட்டுங்கள். வீடு திரும்பியதும் அணைத்து வையுங்கள். சில மாதம் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுக்கக் காலியாகக் கிடந்த பட்டை பிறகு சார்ஜரை ஏற்க மறுத்துவிடும்.