கோடை மழையும் குட்டை மீனும்

கோடையில் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கால் படும் ஆழத்தில் சில்லென்றிருக்கும். மீன் வளர்க்கும் பண்ணைக் குட்டையிலும் இதே நிலைதான். இதை அறியாமல், வளர்த்த மீன்களை ஒரே விடியலில் இழந்தவர்கள் உண்டு.

அடுப்பிலுள்ள பானைக்குச் சூடு கீழிருந்து வருகிறது. சூடான நீர் இலேசாகி மேலெழும்ப, குளிர்ந்த நீர் கீழிறங்குகிறது. இச்சுழற்சியால்தான் பானை முழுவதும் கொதிக்கிறது. குட்டைக்கோ வெயில் மேலிருந்து வருகிறது. சூடான நீர் மேலேயே தங்கிவிடுகிறது. 25 டிகிரி நீரைவிட 30 டிகிரி நீர் 1000 லிட்டருக்குச் சுமார் 1.4 கிலோ எடை குறைவு. அற்ப வேறுபாடுதான், ஆனால் காற்று வீசாத நாட்களில் இரு அடுக்குகளும் கலவாமலிருக்க இதுவே போதும். சுழற்சியில்லாமல் சூட்டைக் கடத்துவதில் நீர் மிகவும் மந்தமானது. செம்பு அதைவிட 600 மடங்குக்கு மேல் கடத்தும்.

நீருக்குப் பச்சை நிறம் தரும் நுண்பாசி வெளியிடும் பிராணவாயுவும் மேலடுக்கிலேயே நின்றுவிடுகிறது. அடியில் சாணமும், மீன் தின்னாமல் விட்ட தவிடும் புண்ணாக்கும் அழுகி, அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. ஆழமற்ற குட்டையில் இரவுக் குளிரால் நீர் தினமும் ஓரளவு கலந்துவிடும். ஆழமான, சாணம் மிகுதியாக இட்ட குட்டையில்தான் ஆபத்து. ஒரு மாலை கோடை மழை கொட்டினால், குளிர்ந்த மழைநீர் கனமாதலால் அடிக்கு இறங்கிக் கெட்ட நீரை மேலே தள்ளுகிறது. விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பெரும்பாலும் பெரிய மீன்களே முதலில் சாகும். விஷம் வைத்துவிட்டதாகப் பக்கத்து வயல்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

அடிநீரைச் சோதிப்பது எளிது. பாட்டிலில் கல்லைக் கட்டி, தக்கையில் தனிக் கயிறு கட்டி இறக்குங்கள். அடியைத் தொட்டதும் தக்கையைப் பிடுங்கி, நிரம்பிய பாட்டிலை மேலே எடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசினால் உடனே கவனிக்க வேண்டும்.

நல்ல வெயில் நாளில் பிற்பகல் 1 மணி முதல் 3 மணிக்குள், பம்புசெட்டால் அடிநீரை இறைத்துக் குட்டையின் மேற்பரப்பிலேயே விசிறி விடுங்கள். அப்போது மேல்நீரில் பிராணவாயு நிறைந்திருக்கும். நாற்றம் இருந்தால் முதல் நாள் அரை மணிக்கு மேல் ஓட்ட வேண்டாம். படிப்படியாக நேரத்தைக் கூட்டலாம். இரவில் அடியைக் கலக்கவே கூடாது.

மீன்கள் வாய் பிளக்கத் தொடங்கிவிட்டால் கிணற்று நீரைப் பாய்ச்சுங்கள். அந்த நீரிலும் பிராணவாயு குறைவாக இருக்கலாம்; எனவே கல்லிலோ பலகையிலோ மோதித் தெறித்து விழச் செய்வது அவசியம். மீன்கள் பழையபடி நீந்தும்வரை தீவனமும் சாணமும் போட வேண்டாம்.