சொட்டும் குழாய்

2019-ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது நினைவிருக்கிறதா? அப்போது லாரித் தண்ணீருக்காக அம்மா குடங்களுடன் காத்து நின்றதை நான் மறக்கவில்லை. ஆதலால் சென்ற மே மாதம் ஒரகடத்தில் எங்கள் வீட்டுக் குழாய் சொட்டியபோது மனம் பொறுக்கவில்லை. இரவில் அடியில் வாளியை வைத்தேன். விடிவதற்குள் பாதி நிறைந்துவிட்டது!

பழுது பெரிதன்று. உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். முதலில் தொட்டியிலிருந்து வரும் வால்வை மூட வேண்டும். (நான் மறந்துபோய் முழுக்க நனைந்தேன்!) பிறகு ஸ்பேனரால் குழாயின் தலைப்பகுதியைக் கழற்றி, அதே அளவுள்ள புது வாஷரை இட்டு முடுக்கினால் சொட்டுவது நின்றுவிடும். மரை வழியே கசிந்தால் டெஃப்ளான் நாடா சுற்றலாம்.

மொட்டைமாடியில் வெயில் படும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுகிறது. வெள்ளை வண்ணம் பூசினால் நெடுநாள் உழைக்கும். எங்கள் வீட்டில் வரும் விடுமுறையில் பூசப் போகிறோம். தூரிகைகூட வாங்கியாயிற்று.

- பத்தாம் வகுப்பு மாணவி