எச்சரிக்கை விளக்கும் பழுதுக் குறியீடும்

நுழையும்முன்

சிற்றூர்ப் பணிமனைகளிலும் இன்று கணினி இடம்பிடித்துவிட்டது. மகிழுந்தின் பழுதை அது எழுத்தாகவும் எண்ணாகவும் எடுத்துரைக்கிறது. அவ்வெண்ணைப் படிப்பது வேறு. பழுதை அறிவது வேறு. இவ்வேறுபாட்டை, உயிர்காக்கும் காற்றுப்பையை முன்வைத்து இப்பாடம் விளக்குகிறது.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகக் குமுளிக்குச் செல்லும் நெடுஞ்சாலை, வயல்களுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் இடையே சமவெளியில் நெடுந்தொலைவு ஓடுகிறது. லோயர் கேம்ப்பைக் கடந்ததும் அது மலைவளைவுகளாக மாறிவிடுகிறது. இச்சாலையில் ஏறி இறங்கும் வண்டிகளைப் பேணும் பொறுப்பு உத்தமபாளையம் போன்ற ஊர்களின் பணிமனைகளுக்கு உண்டு. இயந்திரத்தின் ஒலியைக் கேட்டும் புகையின் நிறத்தைப் பார்த்தும் பழுதறிந்த கைகள், இன்று ஸ்கேனர் எனும் ஆய்வுக் கருவியையும் பிடிக்கின்றன.

இம்மாற்றத்திற்குச் சட்டமும் ஒரு காரணம். இந்தியாவில் விற்கப்படும் மகிழுந்துகளில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று. முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பை, புதிய வடிவமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதலும், முன்பே விற்பனையில் இருந்தவற்றுக்கு அவ்வாண்டின் இறுதியிலிருந்தும் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வண்டிகள் பழையனவாகிச் சிறு பணிமனைகளை நாடிவரும் காலம் இது.

கண்ணிமைப் பொழுதினும் குறைவு

மோதல் நிகழ்ந்ததும் வண்டியின் முன்புறத்திலுள்ள உணரி, வேகம் திடீரெனக் குறைவதை அறிந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிவிக்கிறது. பெட்டி தன்னுள் இருக்கும் மற்றோர் உணரியின் செய்தியோடு அதை ஒப்பிட்டு, மோதல் உண்மையே எனத் தெளிந்த பின்னரே மின்னோட்டத்தை அனுப்புகிறது. பற்றவைப்பான் சூடேற, வேதிப்பொருள் எரிந்து வாயுவாகிப் பையை நிரப்புகிறது. பை விரிய ஏறத்தாழ 30 மில்லிநொடியே ஆகும். தமிழிலக்கணம் மாத்திரைக்கு அளவாகக் கூறும் கண்ணிமைப் பொழுதினும் இது குறைவு.

இத்தனை விரைவாகச் செயல்படவேண்டிய அமைப்பு, ஆண்டுக்கணக்கில் செயல்படாமலே காத்திருக்கிறது. அதனை இயக்கிப் பார்த்துச் சோதிக்க இயலாது. ஆகவே கட்டுப்பாட்டுப் பெட்டி, ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் தன் சுற்றுகளின் மின்தடையைத் தானே அளந்து பார்க்கிறது. குறை கண்டால் விளக்கை ஏற்றி, பழுதுக் குறியீடு ஒன்றையும் தன் நினைவகத்தில் பதிந்துகொள்கிறது. பல வண்டிகளில் அவ்விளக்கு எரியும்வரை காற்றுப்பைகள் விரியாமலே போகலாம்.

குறியீடு சொல்வதும் சொல்லாததும்

ஸ்கேனர்கள் அனைத்தும் ஒன்றல்ல. மலிவான கருவிகள் பல இயந்திரம் சார்ந்த குறியீடுகளை மட்டுமே படிக்கும். அவை ‘பழுது இல்லை’ எனக் காட்டும்போதும் காற்றுப்பை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு உரையாட வல்ல கருவியே இங்குப் பயன்படும்.

சரியான கருவி கிடைத்தது எனக் கொள்வோம். ‘ஓட்டுநர் காற்றுப்பைச் சுற்றில் மின்தடை மிகுதி’ என அது காட்டுகிறது. காற்றுப்பையே பழுதென முடிவுகட்டி, விலைமிகுந்த புதிய பையை வாங்கச் சொல்வது பலரும் செய்யும் பிழை. குறியீடு சுட்டுவது சுற்றை, பொருளை அன்று. அச்சுற்றில் பையும் உண்டு, கம்பியும் உண்டு, மெக்கானிக்குகள் ‘கப்ளர்’ என்று சொல்லும் இணைப்பும் உண்டு. ஸ்டீயரிங்கின் அடியில், அது திரும்பும்போதெல்லாம் சுருண்டும் அவிழ்ந்தும் மின்னோட்டத்தைக் கடத்தும் கிளாக் ஸ்பிரிங் எனும் நாடாவும் உண்டு. ஹாரனும் அதே வேளையில் ஒலிக்க மறுத்தால், முதலில் ஐயுறத்தக்கது அந்நாடாவே. பல வண்டிகளில் ஹாரனுக்கான கம்பியும் அதன் வழியே செல்கிறது. நாடி பார்க்கும் மருத்துவர் நாடியோடு நிறுத்திக்கொள்ளாமல் நாவையும் கண்ணையும் பார்ப்பது போன்றது இது.

முன்புற உணரியோடு தொடர்பு அற்றுப்போனதாகக் குறியீடு வந்தாலும் இவ்வாறே. உணரி இருக்குமிடம் மழைநீரும் சேறும் எட்டும் இடம். கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கலாம். எலி கடித்த கம்பியும் புலப்படலாம். முன்பு சிறிய மோதலுக்கு உள்ளான வண்டியெனில், உணரியைத் தாங்கும் தகடு வளைந்திருக்கிறதா, திருகு இறுக்கமாக உள்ளதா, உணரி உரிய திசையில் பொருத்தப்பட்டுள்ளதா என்பனவற்றையும் நோக்கவேண்டும். இருக்கையின் அடியிலுள்ள கப்ளர்களோ இன்னும் எளிதில் தளர்வன. இருக்கையை முன்னும் பின்னும் தள்ளித் தூய்மை செய்த மறுநாளே விளக்கு எரிந்தால், வேறெங்கும் தேடவேண்டியதில்லை.

ஸ்கேனருக்கும் காலம் காட்டும் இயல்பு உண்டு. இப்போதும் நீடிக்கும் பழுதை நிகழ்பழுது எனவும், வந்து நீங்கியதைப் பழைய பழுது எனவும் அது பிரித்துரைக்கும். பேட்டரி வலுவிழந்த ஒரு காலைப்பொழுதில் பதிந்த குறியீடு, பேட்டரியை மாற்றிய பின்னும் நினைவகத்தில் தங்கியிருக்கலாம். அதனை அழித்தால் மீண்டும் வராது. நிகழ்பழுதோ அழித்த சிறிது நேரத்திலேயே திரும்பி வரும். சில வண்டிகளில் அழியவே மறுக்கும். அழிப்பது பழுதுநீக்கம் ஆகாது.

தெரிந்து தெளிவோம்

காற்றுப்பைக் கம்பிகளின் கப்ளர்கள் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அவற்றைத் தொடுமுன் சாவியை அணைத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியின் கையேடு கூறும் நேரம்வரை காத்திருக்கவேண்டும். மோதலில் பேட்டரி அறுபட்டாலும் பையை விரிக்கப் போதிய மின்னூட்டம் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சேமிக்கப்பட்டிருக்கும்.

தடையால் சோதனை, தடையால் ஏமாற்று

காற்றுப்பையின் மின்தடையை மல்டிமீட்டரால் நேரே அளக்கக் கூடாது. மீட்டர் செலுத்தும் சிறு மின்னோட்டமே பையை விரித்துவிடலாம். எதிரே முகம் இருந்தால் காயம் உறுதி. மாறாக, பையைக் கழற்றிவிட்டு, அதற்கு நிகரான ஏறத்தாழ 2 ஓம் தடையை அவ்விடத்தில் இணைத்துக் குறியீட்டைக் கவனிப்பர். பழுது மறைந்தால் குறை பையில்; மறையாவிட்டால் கம்பியிலோ நாடாவிலோ பெட்டியிலோ உள்ளது. இச்சோதனைக்குச் செலவு மிகக் குறைவு. பொறுமைதான் வேண்டும்.

எல்லாப் பழுதும் பணிமனையில் தீர்வதில்லை. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி நிறுவனம், 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை உருவாக்கிய 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா ஆகியன அவை. காற்றுப்பைக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலேயே குறை இருக்கலாம் என்பதும், மோதலின்போது பையும் இருக்கைப்பட்டை இறுக்கியும் செயல்படாமல் போகலாம் என்பதும் காரணம். பெட்டி இலவசமாக மாற்றப்பட்டது. தன்னைத் தானே சோதிக்கும் பெட்டியிலேயே குறை இருப்பின், அதன் சொல்லை மட்டும் நம்புவது எவ்வாறு? ஆதலால், வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு அது திரும்ப அழைக்கப்பட்ட வரிசையில் உள்ளதா எனப் பார்ப்பதும் பழுதறிதலின் ஒரு பகுதியே.

இவற்றைவிடக் கொடியது மனிதரே செய்யும் மறைப்பு. விபத்தில் விரிந்த பைக்கு மாற்றுப் பை வாங்காமல், சோதனைக்குரிய அதே 2 ஓம் தடையை நிலையாகப் பொருத்தி, மேலே மூடியை ஒட்டி விற்றுவிடுவோர் உண்டு. வேறு சிலர் எச்சரிக்கை விளக்கையே கழற்றிவிடுவர். பின்னதைக் கண்டறிய ஸ்கேனர் தேவையில்லை. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பை விளக்கு சில நொடிகள் எரிந்து பின் அணையவேண்டும். அணையாவிட்டால் பழுது, எரியவே இல்லையெனில் மறைப்பு எனக் கருத இடமுண்டு. முன்னதை விளக்கு காட்டிக்கொடுக்காது. மூடியின் விளிம்பில் ஒட்டிய தடம், டேஷ்போர்டின் நிறமாற்றம், கட்டுப்பாட்டுப் பெட்டி மாற்றப்படாதிருந்தால் அதில் பதிந்துள்ள மோதல் பதிவு ஆகியவற்றைத் தேடவேண்டும். பழைய வண்டியை வாங்கிக் குமுளி மலைச்சாலையில் குடும்பத்தோடு ஏற நினைப்பவர், விலை பேசுமுன் அவ்வண்டியை ஒரு முறை நல்ல மெக்கானிக்கிடம் நிறுத்தி, இம்மூன்றையும் பார்க்கச் சொல்லலாம்.