ஊழியத்துக்கு எது நல்ல நேரம்?

"ஊழியத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது" என்பவர்களும், "இனிக் காலமே இல்லை" என்று பதறுகிறவர்களும் ஒரே சபையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு தரப்பிலும் உலவும் சில நம்பிக்கைகளை வேதத்தோடும் திருச்சபை வரலாற்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வும் பெற்றபின் ஊழியம் செய்யலாம்.

உண்மை: செசரியாவில் பவுல் பேசியதைக் கேட்டுப் பயந்த தேசாதிபதி பேலிக்ஸ், வசதிப்படும்போது மறுபடி அழைப்பதாகச் சொல்லி அவரை அனுப்பிவிட்டான். நேரம் கிடைக்காமல் போகவில்லை. பவுல் இரண்டு ஆண்டுகள் அவன் காவலிலேயே இருந்தார். அடிக்கடி வரவழைத்துப் பேசவும் செய்தான். ஆனால் அப்போது அவன் கண் பவுல் தரக்கூடிய பணத்தின்மேல் இருந்தது. பிறகு அவன் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். தள்ளிப்போடும்போது, நாட்கள் தீருவதற்கு முன்பே மனது மாறிவிடுகிறது.

நம்பிக்கை 2: அவசரம் என்றால் உடனே களத்தில் குதிக்க வேண்டும்; படிப்பும் ஆயத்தமும் காலவிரயம்.

உண்மை: 1890-களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவர் அப்போது மருத்துவர் அல்ல. அவருடைய தந்தை மருத்துவர்தான். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் தங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வைத்தியம் பார்க்க அந்தக் குடும்பங்கள் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரியாகும் எண்ணமே இல்லாதிருந்த ஐடா அதன்பின் தீர்மானித்துவிட்டார். கப்பலேறிப் போனதோ மருத்துவம் படிக்க. 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தது. இன்றைய வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இப்படி வளர்ந்ததுதான். தீர்மானிப்பதில் அவர் தாமதிக்கவில்லை. ஆயத்தத்தில் குறுக்குவழியும் தேடவில்லை.

நம்பிக்கை 3: ஆண்டவரின் வருகை சமீபம், மற்ற வேலையெல்லாம் வீண்.

உண்மை: தெசலோனிக்கே சபையில் சிலர் உழைக்காமல் திரிந்ததைப் பவுல் கடுமையாகக் கண்டித்தார். அவரே கூடாரத் தொழில் செய்து பிழைத்தவர். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் போதனையை ஏற்றவர்கள், 1844 அக்டோபர் 22-ஐ வருகையின் நாளாக எதிர்பார்த்தார்கள். விளைந்ததை அறுக்காமல் விட்ட விவசாயிகளும் அவர்களில் உண்டு. அந்த நாள் எல்லா நாட்களையும் போலவே கடந்துபோனது. நாளும் நாழிகையும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்றார் இயேசு. எஜமான் வரும்போது தன் வேலையில் இருக்கும் ஊழியக்காரனைத்தான் அவர் பாக்கியவான் என்றார்.

நம்பிக்கை 4: வயதாகிவிட்டது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை, என் காலம் முடிந்தது.

உண்மை: காலேப் 85 வயதில் மலைநாட்டைக் கேட்டு வாங்கினான். டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து காயப்பட்டார். 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே பல புத்தகங்களை எழுதினார். ஓடியாட முடியாத காலத்துக்கும் அதற்கேற்ற ஊழியம் இருந்தது.

நம்பிக்கை 5: முடிக்க முடியாத வேலையைத் தொடங்கிப் பயனில்லை.

உண்மை: 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1715-க்குள் அது அச்சாகி முடிந்தது. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம்வரை வந்திருந்த நிலையில், 1719-ல், 36 வயதில் இறந்தார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி பெஞ்சமின் ஷுல்ட்ஸ் முடித்தார். முழு வேதாகமத்துக்கும் ஆயுசு போதுமா என்று சீகன்பால்கு கணக்குப் பார்த்திருந்தால், ஷுல்ட்ஸ் ஆதியாகமத்திலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

நம் முன்னால் இருப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை. படுக்கையில் இருக்கும் சபை மூப்பரைப் போய்ப் பார்ப்பது, ஓய்வுநாள் பள்ளியில் ஒரு வகுப்பை ஏற்பது, மனஸ்தாபப்பட்ட சகோதரனிடம் போய்ப் பேசுவது. இவற்றில் ஒன்றை இந்த வாரமே தொடங்கலாம். தொடர்ந்து செய்ய நமக்குப் பின் ஒருவரை எழுப்புவது ஆண்டவரின் பொறுப்பு.