ஒரு ஹெக்டேர் திராட்சையும் ஒரு சாலையும்

இத்தாலி நாட்டின் வடகோடியில், ஆஸ்திரியா எல்லையை ஒட்டி, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே தெற்கு டைரோல் என்னும் மாகாணம் உள்ளது. முதல் உலகப் போர் முடியும் வரை இது ஆஸ்திரியாவுடன் இருந்த பகுதி. இன்றும் இங்குள்ள மக்களில் பெரும்பாலோர் ஜெர்மன் மொழி பேசுகின்றனர். அடிஜே ஆறு ஓடும் இப்பள்ளத்தாக்கில் அடிவாரம் முழுவதும் ஆப்பிள் தோட்டங்கள். சரிவுகள் முழுவதும் திராட்சைத் தோட்டங்கள்.

இத்தோட்டங்களின் ஊடே செல்லும் பாதைக்கு 1964-ஆம் ஆண்டு 'ஒயின் சாலை' என்று பெயரிட்டனர். வடக்கே நால்ஸ் முதல் தெற்கே சலூர்ன் வரை 16 ஊர்கள் இதில் அடங்கும். மலைக் கோட்டைகளையும் கால்டர்ன் ஏரியையும் காண ஆண்டுதோறும் ஏராளமானோர் வருகின்றனர். ஆனால் ஒரு விவசாயி இச்சாலையில் சென்றால் அவர் கவனிக்க வேண்டியது வேறு. இங்குள்ள திராட்சைப் பரப்பு சுமார் 5,800 ஹெக்டேர். விவசாயிகள் சுமார் 5,000 பேர். அதாவது ஒருவருக்குச் சராசரியாக ஒரு ஹெக்டேருக்குச் சற்றே அதிகம்; நம் கணக்கில் மூன்று ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறு நிலம் உள்ளவர்கள் எப்படி நிலைத்து நிற்கின்றனர் என்பதே இங்கு பாடம்.

உயரத்துக்கு ஏற்ற ரகம்

வடக்கே உள்ள உயர்ந்த மலைகள் குளிர்காற்றைத் தடுக்கின்றன. பிற்பகலில் தெற்கே கார்டா ஏரிப் பக்கமிருந்து 'ஓரா' என்ற காற்று வீசுகிறது. இது இலைகளின் ஈரத்தை உலர்த்துவதால் பூசண நோய் குறைகிறது. பகல் வெப்பத்தில் பழத்தில் சர்க்கரை சேர்கிறது. இரவுக் குளிர்ச்சியில் புளிப்பு குறையாமல் நிற்கிறது.

கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் முதல் சுமார் 1,000 மீட்டர் வரை திராட்சை பயிராகிறது. வெப்பம் மிகுந்த போல்சானோ நகரையொட்டிய தாழ்வான நிலத்தில் 'லாக்ரைன்' என்ற கறுப்புத் திராட்சை. டிராமின் ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் வாசனை மிக்க 'கெவூர்ஸ்டிராமினர்'. அந்த ஊரின் பெயரே அந்த ரகத்தில் உள்ளது. அதற்கும் மேலே குளிர் தாங்கும் வெள்ளை ரகங்கள். பக்கத்துத் தோட்டத்தில் விளைகிறதே என்று எவரும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

பழைய தோட்டங்களில் கொடியை மரச் சட்டத்தில் படரவிட்டுள்ளனர். நம் கம்பம் பள்ளத்தாக்குப் பந்தலைப் போன்றதே இதுவும். சரிவுக்கு ஏற்பச் சாய்ந்து நிற்கிறது. புதிய தோட்டங்களில் வரிசையாகக் கம்பி கட்டி நெருக்கி நடுகின்றனர். மார்கிரைடு என்ற ஊரில் ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்துள்ள கொடி 1601-ஆம் ஆண்டில் நடப்பட்டது. அது இன்றும் காய்க்கிறது.

சேர்ந்து பிழிந்தனர்

திராட்சை காத்திருக்காத பயிர். அறுவடையான பழத்தை உடனே பிழிந்தாக வேண்டும். பிழியும் வசதி வியாபாரியிடம் மட்டும் இருந்தால், அவர் சொல்வதே விலை. இந்நிலையை மாற்ற 1893-ஆம் ஆண்டு ஆண்ட்ரியான் என்ற ஊரில் விவசாயிகள் ஒன்று சேர்ந்து சொந்த ஒயின் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினர். அதே ஆண்டில் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டெர்லான் ஊரிலும் ஒரு சங்கம் தோன்றியது. 2008-ஆம் ஆண்டு இவ்விரண்டும் ஒன்றாக இணைந்தன. இன்று இம்மாகாணத்தின் ஒயினில் ஏறத்தாழ 70 சதவீதம் கூட்டுறவுச் சங்கங்களிலேயே தயாராகிறது.

சங்கத்தின் விதிகள் கடுமையானவை. உறுப்பினர் தமது விளைச்சல் முழுவதையும் சங்கத்திற்கே கொடுக்க வேண்டும். வெளியில் விலை ஏறும்போது அங்கே விற்பதும், இறங்கும்போது சங்கத்திடம் வருவதும் கூடாது. பழம் வந்தவுடன் எடை போட்டு, சர்க்கரை அளவையும் பார்க்கின்றனர். ரகத்திற்கும் தரத்திற்கும் ஏற்ப விலை மாறும். ஒயின் விற்ற பிறகே முழுப் பணமும் கைக்கு வரும். அதுவரை தவணை முறையில் தருகின்றனர்.

விலை வீழ்ந்த காலம்

கூட்டுறவு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் இப்பள்ளத்தாக்கு கற்றுக்கொண்டது. முன்பு இங்கே பாதிக்கும் மேற்பட்ட பரப்பில் 'வெர்னாட்ஷ்' என்ற சிவப்புத் திராட்சையே இருந்தது. கொடி நிறையக் காய்க்கும். ஒயின் லேசாக இருக்கும். அதை மொத்தமாக அண்டை நாடுகளுக்கு மலிவு விலையில் விற்று வந்தனர். அந்தச் சந்தை சுருங்கியபோது, நிறைய விளைவித்தவரே அதிகம் நஷ்டப்பட்டார்.

எப்பான் ஊரின் கூட்டுறவுச் சங்கத்தில் 1977-ஆம் ஆண்டு ஹான்ஸ் டெர்சர் என்ற இளைஞர் ஒயின் தயாரிப்புப் பொறுப்பை ஏற்றார். ஏற்ற இடங்களில் பழைய கொடியை நீக்கி வெள்ளை ரகங்களை நடவும், விளைச்சலைக் குறைக்கவும் உறுப்பினர்களை அவர் இணங்க வைத்தார். பழுக்கும் முன்பே கொத்துகளில் ஒரு பகுதியை வெட்டித் தரையில் போடுவது எந்த விவசாயிக்கும் மனம் வராத காரியம். குறைந்த எடைக்கு ஈடாகச் சங்கம் கூடுதல் விலை கொடுத்ததால்தான் அது நடந்தது. மற்றச் சங்கங்களும் தனித் தோட்டக்காரர்களும் இதே வழியில் சென்றனர். இன்று வெர்னாட்ஷ் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்ளது. வெள்ளை ரகங்களே பெரும்பகுதி.

உறைபனிக்குத் தண்ணீர்

சாலை அடிவாரத்தில் இறங்கும் இடங்களில் ஆப்பிள் தோட்டங்கள் தொடர்கின்றன. வசந்த காலத்தில் பூக்கும் நேரத்தில் சில இரவுகளில் உறைபனி விழும். அப்போது மரங்களின் மீது விடிய விடியத் தெளிப்பு நீர் பாய்ச்சுகின்றனர். ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது 80 கிலோ கலோரி வெப்பம் வெளியாகிறது. இதனால் பனிக்கட்டி உறைக்குள் இருக்கும் பூ சுழியம் டிகிரிக்குக் கீழே போகாமல் தப்புகிறது. பாதியில் தெளிப்பை நிறுத்தினால் சேதம் அதிகமாகும். எனவே வெயில் வந்து பனி உருகும் வரை தண்ணீர் ஓட வேண்டும்.

வாங்குபவர் வாசலுக்கு வருகிறார்

ஏப்ரல், மே மாதங்களில் டெர்லான் பகுதியில் அஸ்பாரகஸ் அறுவடை. இது நம் தண்ணீர்விட்டான் கிழங்கின் இனத்தைச் சேர்ந்தது. ஆற்றோர மணலில் மண் அணைத்து, முளைக்கும் தண்டை வெளிச்சம் படாமல் வெள்ளையாக வளர்த்து உண்கின்றனர். செப்டம்பர், அக்டோபரில் திராட்சை அறுவடை. அதன்பின் பண்ணை வீடுகளில் புது ஒயினும் சுட்ட செஸ்ட்நட் கொட்டைகளும் பரிமாறும் காலம். உப்பிட்டு, லேசாகப் புகையூட்டி, மலைக்காற்றில் உலர்த்திய பன்றித் தொடைக்கறி இவ்வூர்களின் புகழ்பெற்ற உணவு. 'ஸ்பெக்' என்ற இதற்கு 1996-ஆம் ஆண்டு ஐரோப்பிய புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. கம்பு போன்ற புன்செய்த் தானியமான ரை மாவில் செய்யும் மொறுமொறுப்பான ரொட்டியில் வெந்தய இனத்துச் செடி ஒன்றை மணத்திற்காகச் சேர்க்கின்றனர்.

பல பண்ணைகளில் விருந்தினர் தங்க அறைகளும் உண்டு. ஆயினும் விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தினர் வருவாய் துணையாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். பயணிகள் காண வருவது தோட்டத்தை. தோட்டம் போய்விட்டால் சாலைக்கும் வேலையில்லை.

நிலம் துண்டாகாமல் காக்கவும் இங்கே ஒரு பழைய வழக்கம் சட்டமாக உள்ளது. 'மூடிய பண்ணை' எனப் பதிவான நிலத்தைப் பிள்ளைகள் பங்கிட முடியாது. ஒருவரே ஏற்க வேண்டும். மற்றவர்களுக்குப் பணம் தர வேண்டும். அந்தத் தொகை சந்தை விலைப்படி அல்லாமல் நிலம் தரும் வருவாயின்படி கணக்கிடப்படுகிறது. பண்ணை காக்கப்படுகிறது, ஆனால் விட்டுக்கொடுக்கும் உடன்பிறந்தவருக்கு இது சிறிய இழப்பல்ல.

நம் விவசாயிகள் கவனிக்க

அந்நாட்டு ரகங்களையும் முறைகளையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே குளிர்காலத்தில் கொடி உறங்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பம் பள்ளத்தாக்கில் கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் பழம் எடுக்க முடிகிறது. அங்கே பழம் ஒயினுக்கு. இங்கே பெரும்பாலும் நேரடியாக உண்பதற்கு.

ஆனால் இரண்டு செய்திகள் பொதுவானவை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. குறியீடு பெயரைக் காக்கும், விலையைத் தராது. பழுக்காத பழத்தை அவசரப்பட்டு அறுத்து அனுப்புவதில்லை என்று விவசாயிகள் கூடித் தீர்மானித்து, தரம் பிரித்து, சேர்ந்து விற்றால்தான் அந்தப் பெயருக்கு விலை கிடைக்கும். மற்றொன்று, தேக்கடிக்குச் செல்லும் சாலை கம்பம், கூடலூர் வழியாகவே போகிறது. வண்டியை நிறுத்தித் தோட்டத்தைப் பார்க்க வருபவர்களிடம் நல்ல பழத்தை எடை குறையாமல் கொடுக்கும் வேலையை நாளைக்கே தொடங்கலாம். அதற்கு அரசு ஆணை எதுவும் தேவையில்லை.